கடற்கரையில் நான்கு நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

"தமிழும் நாமும்" என்ற தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நானோ புலவன் அல்லன். நாள் முழுவதும் கணக்கேடுகளோடு காலங்கழிப்பவன். ஆகவே தமிழின் தொன்மையையும் பெருமையையும் எடுத்துரைக்கும் பணியைக் கற்றறிந்த பெரியோர்க்கு விட்டுவிட்டு, சென்ற தைத் திங்களில் நானும் என் குடும்பத்தாரும் சோழநாட்டுக் கடற்கரைக்குச் சென்று வந்த கதையை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அதனுள்ளேயே செயலாளர் தந்த தலைப்பும் அடங்கியிருப்பதை இறுதியில் காண்பீர்கள்.

பயணத்திற்குக் காரணம் என் அன்னையார். தை அமாவாசையன்று, காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில் நீராடி, மறைந்த என் தந்தையாருக்குக் கடன் செலுத்த வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் விருப்பம். கடலை ஒருமுறையேனும் அருகிருந்து காண வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். என் மகனுக்கு வயது பதினொன்று, மகளுக்கு எட்டு. விடுதியில் தங்காமல் கூடாரம் அடித்துத் தங்கவேண்டும் என்று அடம்பிடித்தவன் மகனே. பொங்கல் கழிந்த மறுநாள் விடியுமுன், கூடாரம், பாய், அடுப்பு, இரண்டு பானைப் புளிச்சோறு ஆகியவற்றோடு எங்கள் சிறிய காரில் ஐவரும் புறப்பட்டோம். அன்னையார் மடியில் மட்டும் வாய் கட்டிய பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. "என்ன அம்மா அது?" என்று கேட்டேன். "தண்ணீர்தான்" என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூர், கிருஷ்ணகிரி வழியே இறங்க இறங்கக் குளிர் விலகிக் காற்றில் வெம்மை கூடுவதை உடலே உணரும். அத்திப்பள்ளி வரையில் என் மகன் கடைப்பலகைகளையெல்லாம் கன்னடத்தில் உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். அவன் பள்ளியில் கன்னடத்தில் நல்ல மதிப்பெண் பெறுபவன். ஓசூரைத் தாண்டியதும் அவன் குரல் ஓய்ந்தது. களைத்துவிட்டான் என்று எண்ணினேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை மூன்றாம் நாள் மாலையில்தான் அறிந்தேன்.

செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரியை அடைந்து, அங்கிருந்து கடற்கரையை இடப்புறம் வைத்துத் தெற்கே சென்றோம். முதல்நாள் இரவு சிதம்பரத்தில் கழிந்தது. மறுநாள் காலை பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிற்குள் படகில் சென்றோம். சுரபுன்னை மரங்கள் தம் வேர்களைக் கால்களைப் போல நீரில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரங்களோ மூச்சு விடுவதற்கென்றே வேர்களைச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டுகின்றன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபொழுது, இத்தகைய காடுகளுக்குப் பின்னே இருந்த சிற்றூர்கள் சில குறைந்த சேதத்தோடு தப்பின என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

அன்று பிற்பகல், பூம்புகாருக்குத் தெற்கே ஒரு மீனவச் சிற்றூரில், தோப்புக்காரர் ஒருவரிடம் இசைவு பெற்றுக் கூடாரம் அடித்தோம். தோப்பு இருக்க, அலைகளைக் கண்டுகொண்டே உறங்கலாம் என்ற ஆசையால், தோப்பைவிட்டு முன்னே, அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டிற்கும் அப்பால் அடித்தோம். வலையைத் தோளிலிட்டு அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்தார். பிறகு என் அன்னையாரை நோக்கி, "அம்மா, இந்த இடம் ஆகாது. நாளைக்கு அமாவாசை. ராத்திரி ஓதம் ஏறும். தென்னைக்குப் பின்னாலே போயிடுங்க" என்றார்.

கதிரவனும் திங்களும் ஒரே நேர்க்கோட்டில் நின்று கடலை ஈர்க்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஓதம் உயரும் என்பதை நானும் பள்ளியில் படித்தவன்தான். ஆனால் படித்தது ஏட்டில் இருந்தது; அவர் அறிந்தது அந்த மணலில் இருந்தது. கூடாரத்தைப் பிடுங்கினோம். முளையைப் பிடுங்க உதவிய அப்பெரியவர், குனிந்தவாறே, "என் வீடு இங்கேதான் இருந்துச்சு" என்றார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2004 திசம்பர் 26 ஆம் நாள் காலையில் வந்த பேரலையால், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாவட்டத்தின் வடபகுதியே 2020 இல் மயிலாடுதுறை மாவட்டமாகப் பிரிந்தது. கடற்கரையை ஒட்டியிருந்த பல குடியிருப்புகள் உள்ளே தள்ளி அமைக்கப்பட்டன. நாம் காட்சியின்பம் கருதிக் கூடாரம் அடிக்கும் வெற்று மணல், ஒருவர் அடுப்பெரித்த இடமாக இருந்திருக்கலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அன்றிரவு அலையின் நுரை, நாங்கள் முதலில் கூடாரம் அடித்த இடத்தை நனைத்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் தை அமாவாசை. விடியலில் பூம்புகார் சங்கமத்துறையில் பெருங்கூட்டம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து வரும் அந்த ஆறு, கடலைச் சேருமிடத்தில் ஒரு சிறு வாய்க்காலைப் போல் ஒடுங்கியிருப்பதைக் கண்டு என் மகள் ஏமாந்து போனாள். "இவ்வளவுதானா காவிரி?" என்றாள். மேட்டூரில் 1934 முதல் அணையில் தேங்கி, கல்லணையில் பல கிளைகளாகப் பிரிந்து, வெள்ளத்தைக் கொள்ளிடத்திற்குக் கொடுத்து, வழியெல்லாம் வயல்களை நனைத்துவிட்டு மிஞ்சியதே இங்கு வருகிறது என்று விளக்கினேன். பிறருக்குக் கொடுத்துக் கொடுத்து மெலிந்தவளைப் பார்த்து இவ்வளவுதானா என்று கேட்கலாகாது என்றும் சொன்னேன்.

அப்பொழுதுதான் என் அன்னையார் செம்பின் வாயை அவிழ்த்தார்கள். அதில் இருந்தது ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த நீர். 1974 முதல் நம் நகரத்திற்கு, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் அன்றோ அது! "கடலுக்குப் போற தண்ணியை நடுவிலே நாம எடுத்துக் குடிச்சோம். கொஞ்சமாவது போய்ச் சேரட்டும்" என்று சொல்லி, அதை அலையில் ஊற்றினார்கள். எழுத்தறிவு குறைந்த அந்த அம்மையாரின் செயலில் இருந்த பொருளை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்பர்களே, இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

அன்று மாலை, கூடாரத்தருகே நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் கரையோரமாக நடந்து, சிற்றோடை ஒன்று கடலில் விழும் முகத்துவாரத்தை அடைந்திருக்கின்றனர். அங்கே சவுக்குக் கழியொன்றில் ஒரு பலகை. அதில் சுண்ணாம்பால், "இங்கே இறங்காதே. சுழல் உண்டு" என்று எழுதியிருந்தது. தமிழில் மட்டுமே எழுதியிருந்தது. ஏதோ கடை விளம்பரம் என்று எண்ணிய என் மகன் நீரில் இறங்கினான். அலைகள் கரையில் குவிக்கும் நீர், மணல்திட்டின் இடைவெளி வழியே விரைந்து கடலுக்குள் திரும்பும். ஓடைநீரும் சேரும் இடத்தில் அதன் இழுப்பு இன்னும் கடுமை. இடுப்பளவு நீரில் நின்றவனின் காலடி மணல் கரைந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த அதே பெரியவர், "தம்பி! ஏறு! கரைக்கு ஏறு!" என்று கூவிக்கொண்டு ஓடினார். வீட்டில் பாட்டியிடம் தமிழ் கேட்டு வளர்ந்தவனாகையால், அந்தக் குரலின் பொருள் அவனுக்குப் புரிந்தது. திரும்பினான், தள்ளாடினான், பெரியவர் பாய்ந்து அவன் கையைப் பற்றிக் கரைக்கு இழுத்தார். என் மகள் அழுதுகொண்டே ஓடிவந்து சொல்ல, நான் போய்ச் சேர்ந்தபொழுது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பெரியவர் என் மகனை அதட்டவில்லை. "படிக்கிற பிள்ளைதானே? பலகையைப் பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். என் மகன் தலைகுனிந்து, "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தாத்தா" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்பர்களே, பிழை பிள்ளையினுடையதன்று. "பேரனுக்கு அ ஆ கற்றுக்கொடு" என்று அன்னையார் சொன்னபோதெல்லாம், "பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் இருக்கின்றன, இன்னும் சுமை எதற்கு?" என்று சிரித்தவன் நான்தான். செவியால் பெற்ற தமிழ் அன்று அவனைக் காத்தது. கண்ணுக்குக் கொடுக்காத தமிழ் அவனைச் சுழலில் இறக்கியது. செவித் தமிழைத் தந்தவர் பாட்டி. கண்ணுக்குத் தரவேண்டியதைத் தராதவன் தந்தை.

அன்றிரவு எங்களில் எவர்க்கும் உணவு இறங்கவில்லை. விளக்கின் ஒளியைத் தாழ்த்தி வைத்திருந்தோம். தை, மாசித் திங்களில் அக்கரைகளில் கடலாமைகள் முட்டையிட ஏறும், வெளிச்சம் அவற்றை மருட்டும் என்று ஊரார் கேட்டுக்கொண்டிருந்தனர். அந்த மங்கிய ஒளியில் என் அன்னையார் பேரனை அருகமர்த்தி, ஈரமணலைக் கையால் தடவிச் சமனாக்கி, அவன் விரலைப் பற்றி "அ" என்று எழுதினார்கள். தாம் அறிந்ததே முப்பது நாற்பது எழுத்துதான் என்று எப்பொழுதும் சொல்லும் அவர்கள், அறிந்தவற்றையெல்லாம் அன்று எழுதிக் காட்டினார்கள். மகளும் வந்து அமர்ந்தாள். சிறிது நேரத்தில் என் மனைவி அமர்ந்து, விடுபட்ட எழுத்துகளை நிரப்பினாள்.

நான்காம் நாள் காலை, திரும்பும் வழியில் தரங்கம்பாடியில் இறங்கினோம். 1306 ஆம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. 1620 இல் தஞ்சை நாயக்க மன்னரின் இசைவோடு டேனியர் எழுப்பிய கோட்டை அலைகளைப் பார்த்தபடி நிற்கிறது. அவ்வூருக்கு 1706 இல் வந்திறங்கிய செர்மானியர் சீகன்பால்கு, உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பின்பு அங்கே அச்சகம் நிறுவி, 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இதை என் மகனிடம் சொன்னேன். "அவருக்கும் மணல்தானா?" என்று கேட்டான். ஏழு திங்கள் கடல்வழி வந்த அயலார்க்கு எட்டிய தமிழ், 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் பிள்ளைகளுக்கு எட்டாமற் போவதோ?

திரும்பும் வழியில் ஓசூருக்கு முன்பே, என் மகன் ஒரு பலகையைத் தட்டுத்தடுமாறிப் படித்தான்: "த... தே... தேநீர்!" காரிலிருந்த ஐவரும் இறங்கி அந்தக் கடையில் தேநீர் பருகினோம். அதைவிடச் சுவையான தேநீரை நான் பருகியதில்லை.

பெரியோர்களே, நான் கன்னடத்திற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் பாட்டனார் காலந்தொட்டு நமக்குச் சோறும் நீரும் தந்த மண் இது; அதன் மொழியை நம் பிள்ளைகள் பிழையறக் கற்கவேண்டும். நம் அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9 ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கே நாள் கழித்துச் சென்னையில் கன்னடப் புலவர் சர்வஜ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு நகரங்களும் அன்று காட்டிய பெருமனம் நம் வீடுகளில் நிலைக்கவேண்டுமானால், இரு மொழிகளையும் அறிந்த பிள்ளைகள் வேண்டும். ஆனால் நம் ஏரிக்கரைச் சிலையின் கீழ் பொறித்த எழுத்தை நம் பிள்ளையால் படிக்க முடியாதெனில், அச்சிலைக்கு இன்னுமொரு திரை இருக்கிறது என்றே பொருள். அந்தத் திரையை அரசு விலக்க இயலாது, பெற்றோரே விலக்கவேண்டும்.

விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் புயற்காலம் கழிந்து, தை மாசியில் செல்லுங்கள். உள்ளூரார் சொல்லும் இடத்தில் கூடாரம் அடியுங்கள், முகத்துவாரத்தில் இறங்காதீர்கள், இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலகி வெளியேற வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். கொண்டுசென்ற குப்பையைக் கொண்டே வாருங்கள். இவற்றிற்கெல்லாம் முன்னால், இன்றே வீட்டில் ஒரு தட்டில் அரிசியையோ மணலையோ பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ஓரெழுத்து எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் அப்படி ஒரு தட்டு வைக்கப்படுகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தாலும் இடமுண்டு, தட்டும் உண்டு, பாட்டியும் உண்டு.