கூதிர் காலத்து இல்லம்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று வகுத்த தமிழ் இலக்கண நூலார், கூதிரையும் முன்பனியையும் அந்நிலத்துக்குரிய பெரும்பொழுதுகளாக வைத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. தலைவனும் தலைவியும் கூடியிருத்தலே அந்நிலத்தின் உரிப்பொருள் என்றனர். மலைநாட்டுக் குளிரை அறிந்தோர்க்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும்.

ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்தது கொஸ்லந்த. 220 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சி இதற்கு அண்மையில் உள்ளது. ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும் இம்மலைகளில், ஐப்பசி பிறந்ததும் பிற்பகல்தோறும் இடியுடன் மழை பொழியும். பின்பு வடகீழ்ப் பருவமழை தொடரும். பொழுது சாயுமுன்னரே மூடுபனி இறங்கித் தேயிலை மலையை மறைத்துவிடும்.

அந்நேரத்தில் லயத்து வீடொன்றைக் காண்போம். ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா. முன்னே சிறிய இஸ்தோப்பு. மலைவேலை முடிந்து முன்னதாக வந்த கணவன், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுகளை அடுப்பில் வைத்து நெருப்பு மூட்டியிருக்கிறான். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நனைந்த கம்பளியுடன் மனைவி வருகிறாள். கம்பளி அடுப்புக்கு மேலே கொடியில் ஏறுகிறது. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தயாராகின்றன. சூடான சாயத் தேநீர் கைகளுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தருகிறது.

“என்னங்க, மழை விடுமா?” என்கிறாள் அவள்.

“விடும் புள்ள. நீ அடுப்புக்குக் கிட்ட வா.”

பொருள் குறைந்த வீட்டிலும் அன்பு குறையாதிருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், தகரக் கூரைமேல் விழும் மழையின் ஒலி இம்மலைகளில் தாலாட்டாக மட்டும் இருப்பதில்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த காலை வேளையில், கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன, பலர் உயிரிழந்தனர். அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் குடிபெயர்ந்து செல்ல வேறு வீடில்லை. தமக்கெனக் காணி இல்லாதவர், ஆபத்தை அறிந்தும் எங்கே போவர்? உயிர் தப்பியோருக்கு மாக்கல்தெனிய தோட்டத்தில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016ஆம் ஆண்டிலேயே கிடைத்தன.

மலை முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புத் தோன்றும், மரங்கள் சாயும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கும், அல்லது நின்றுபோகும், கதவு சட்டத்தில் இறுகும். இவற்றைக் கண்ட குடும்பம், அடுப்பின் கதகதப்பையும் உலர்ந்த போர்வையையும் எண்ணித் தயங்காது, அயலாரையும் எழுப்பிக்கொண்டு அப்போதே வெளியேற வேண்டும்.

குளிர் காலத்தில் இருவர் ஒன்றாக அமர ஓர் அடுப்பு போதும். அந்த அடுப்பு நிற்கும் மண் உறுதியானதாகவும், அவர்களுக்கே உரியதாகவும் இருத்தல் வேண்டும்.