ஔடத தானமும் சாத்திர தானமும்: பாதம் காத்த அறுவை மருத்துவர்கள்
(திருநெல்வேலியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிக்கு அருகில் மறுகால்தலை என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில், துறவியர் தங்குவதற்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த ஒருவரின் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய நெல்லை மாவட்டத்தின் பகுதியாக இருந்த கழுகுமலையிலோ, பாறை முழுவதும் தீர்த்தங்கரர் திருமேனிகள். அவற்றின் கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் மிகச் சிறியவை. அவற்றுள் பல, திருமேனியைச் செய்வித்தவரை இன்ன குரவரின் மாணாக்கர், இன்ன குரத்தியாரின் மாணாக்கியார் என்றே அறிமுகம் செய்கின்றன. தெற்கே திருச்சாரணம், வடக்கே திருநறுங்கொண்டை எனத் தொலைவான பள்ளிகளின் பெயர்களும் அங்கு உண்டு. யாரிடம் கற்றார் என்பதையே ஒருவரின் முகவரியாகக் கொண்ட சமூகம் அது.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமணர் இல்லங்களில் சிறுவரும் அறிவர். மருந்தளிப்பது ஒன்று, அறிவளிப்பது வேறொன்று. ஒரு மருத்துவர் தம் கைத்திறனை இன்னொரு மருத்துவருக்கு ஒளிக்காமல் கற்றுக்கொடுக்கும்போது இரண்டும் ஒரே செயலில் கூடிவிடுகின்றன. அப்படிக் கூடியதற்குத் தமிழகத்தில் நல்ல சான்று வேலூர். ஆரணி, வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பங்களுக்கு அது தொலைவான நகரம் அன்று. ஆயினும் அங்கு நடந்த இந்த வரலாறு பலர் காதுக்கு எட்டவில்லை.

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயக் கிறித்தவ ஊழியரின் மகன். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் பொது மருத்துவமனைகள் தொழுநோயாளரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. அவர்களுடைய தசை தானாக அழுகி உதிர்கிறது என்பதே படித்தவர்களும் நம்பிய செய்தி. செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் நோயாளர்களின் கைகளைத் தொட்டு ஆராய்ந்த பிராண்ட், மடங்கிப்போன விரல்களுக்குள்ளும் வலுவான தசைகள் இருப்பதைக் கண்டார். 1948இல் அறுவை தொடங்கியது. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டும் முறை அது.

கையைவிடக் காலில் பிரச்சினை ஆழமானது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறச் சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றி வரும் நரம்பு கெட்டால் பாதத்தைத் தூக்க முடியாது. முன்பாதம் தொங்கித் தரையில் இழுபடும். உட்புறமாகப் பாதத்தை இழுக்கும் 'டிபியாலிஸ் போஸ்டீரியர்' என்னும் தசை பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதன் நாணைப் பிரித்து, காலின் முன்புறத்துக்குக் கொண்டுவந்து, பாதத்தின் மேற்புறத்தில் பொருத்தினால், இழுத்துக்கொண்டிருந்த தசை தூக்கத் தொடங்கும். செங்கல்பட்டில் பணியாற்றிய எச். சீனிவாசனும் உடனுழைத்தோரும், நாணை இரண்டு கிளையாகப் பிரித்துப் பொருத்தும் முறையை 1968இல் உலகறிய வெளியிட்டனர். தமிழகத்து அறுவைக்கூடத்தில் கண்ட முறையை அயல்நாட்டினரும் படித்து அறிந்தனர்.

இதைப் புத்தகம் பார்த்துச் செய்ய இயலாதா என்று கேட்கலாம். வெட்டும் இடத்தைப் புத்தகம் காட்டும். நாணை எவ்வளவு இறுக்கித் தைப்பது என்பதைக் காட்டாது. தளர்ந்தால் பாதம் மறுபடி தொங்கும். மிகுந்தால் மேல்நோக்கியே நின்றுவிடும். அந்த அளவு விரலில்தான் இருக்கிறது. எனவே கற்பவர் முதலில் அருகில் நின்று பார்ப்பார். பிறகு காலைப் பிடித்து உதவுவார். பிறகு தாமே தைக்க, ஆசிரியர் எதிரில் உதவியாளராக நிற்பார். மூத்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உதவியாளராக நிற்கும் அந்த நாள்தான் கற்பித்தலில் கடினமான நாள். தவறு நடந்தால் நோயாளியின் கால், பொறுப்போ ஆசிரியருடையது. மாவுக்கட்டுப் பிரித்தபின், பழைய தசைக்குப் புதிய வேலையைப் பழக்கும் இயன்முறைப் பயிற்சியாளரும் இந்தக் கல்விக்குள் வருகிறார். அவரின்றி அறுவை வீண்.

இவ்வாறு பயின்ற எர்னெஸ்ட் ஃப்ரிட்சி, வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு, பயிற்சி மையத்தில் அடுத்த தலைமுறையை உருவாக்கினார். தொழுநோயில் சீரமைப்பு அறுவை பற்றிய நூலும் எழுதினார். மேரி வர்கீஸின் கதை வேறு வகை. 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அவரை, அமர்ந்தபடியே செய்யத்தக்க கை அறுவைக்கு ஊக்கியவர் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்து அறுவை செய்த அவர், பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நிறுவினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அறுவையைவிட முக்கியமான ஒன்றையும் வேலூர் கற்பித்தது. புண் வருவது கிருமியால் அன்று, வலி தெரியாமையால். கல் குத்தினாலும் தெரியாத பாதம் அதே இடத்தில் அழுந்தி அழுந்திப் புண்ணாகிறது. அழுத்தத்தைப் பரப்பும் மாவுக்கட்டுப் போட்டால் அப்புண் நடக்க நடக்கவே ஆறும். இம்முறையை 1930களில் இலங்கையில் மில்ராய் பால் கையாண்டார். அதைச் செம்மைப்படுத்திய பிராண்ட், 1960களில் அமெரிக்கா சென்றபோது உடன் கொண்டுசென்றார். அங்கே தொழுநோயாளர் சிலர். நீரிழிவு நோயாளரோ பல இலட்சம். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதப் புண்ணுக்குச் சிறந்ததெனக் கொள்ளப்படும் கட்டு, வெப்பநாடுகளின் ஏழை நோயாளரிடம் கற்ற பாடம். ஆறிய பாதத்துக்கு நுண்ணறை ரப்பர் பதித்த காலணியும் வேண்டும்.

வலியில்லாத பாதத்தைக் காக்கும் வழி சமணருக்குப் புதிதன்று. ஈர்யா சமிதி, அதாவது நிலம் நோக்கி, உயிர்க்கு ஊறின்றி அடியெடுத்து வைத்தல், துறவியர் ஒழுக்கம். நீரிழிவாளர் நாள்தோறும் தம் பாதத்தை நோக்கவும் பழக வேண்டும். உச்சிவெயிலில் பொன்னூர் மலைப் படிகளிலோ நெல்லையப்பர் கோயில் வெளிமுற்றத்திலோ வெறுங்காலுடன் நடப்பவர், உணர்வற்ற பாதம் கொப்பளித்திருப்பதை மாலையில்தான் அறிவார். பக்திக்குக் குறைவில்லாமல் காலை நேரத்திலேயே ஏறிவிடலாம்.

உடலைக் கத்தியால் கீறுவது இம்சை அன்றோ என்று முதியோர் சிலர் ஐயுறுவதுண்டு. தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையோடு கூடிய உயிர்த்துன்பத்தையே இம்சை என வரையறுக்கிறது. அவ்வரையறையின்படி, கற்காத கையால் வெட்டுவதும், கற்றதைப் பூட்டி வைப்பதும் அந்த முதியோர் கவலைப்பட வேண்டியவை.

பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டை ஒட்டி, 1975இல் ஜெய்ப்பூரில் டி. ஆர். மேத்தா நிறுவிய சங்கம், எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய செயற்கைப் பாதத்தை இலவசமாக அளித்து வருகிறது. மருத்துவரும் கைவினைஞரும் ஒருவரிடம் ஒருவர் கற்றதில் பிறந்த பாதம் அது. பெருமைக்குரிய பணிதான். ஆனால் அது கால் போனபின் வரும் உதவி.

கால் போகுமுன் செய்யவேண்டியது மாவட்டங்களில் இருக்கிறது. திருநெல்வேலியில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அம்பாசமுத்திரம் முதல் திருவைகுண்டம் வரை நெல்வயலில் வெறுங்காலுடன் இறங்கும் உழவரிலும் நீரிழிவாளர் உண்டு. விழாவுக்கு விழா மருத்துவ முகாம் நடத்தும் அறக்கட்டளைகள், இரத்தச் சர்க்கரை பார்ப்பதோடு நில்லாமல், வந்தவர் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்க்கச் செய்யலாம். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதே சோதனை. முகாமுக்கு வரும் இளம் மருத்துவர் ஒருவரின் பயிற்சிச் செலவை ஏற்று, இக்கலையில் தேர்ந்த மூத்தவர் ஒருவரிடம் சில மாதங்கள் அனுப்புவது அடுத்த படி. அவர் திரும்பி வந்ததும், பாளையங்கோட்டையில் இன்னும் இருவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதையும் அந்த உதவியின் நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம்.