கடலில் யார் விலகுவது, எத்தனை முறை ஊதுவது

கடலில் ஹாரன் அடிப்பது பெரும்பாலும் தன்னைப் பற்றிய அறிவிப்பு. சாலையில் லாரி ஹாரன் அடித்தால் முன்னே போகிறவர் ஒதுங்க வேண்டும். கப்பல் ஒரு முறை ஊதினால் ஊதிய கப்பலே வலப்பக்கம் திரும்புகிறது. இரண்டு முறை ஊதினால் இடப்பக்கம் திரும்புகிறது. மூன்று முறை ஊதினால் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டுகிறது. ஆனால் கப்பல் பின்னால் நகரத் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வேகமாக வரும் பெரிய எண்ணெய்க் கப்பல் நின்று அடங்கச் சில கிலோமீட்டர் பிடிக்கும். இந்தக் குறுகிய ஊதல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடி. கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும்போது மட்டுமே இவை செல்லும்.

ஐந்து முறைக்குக் குறையாமல் படபடவென்று ஊதினால் அது வேறு சேதி. எதிரே உள்ள படகின் நோக்கம் புரியவில்லை, அல்லது அது மோதலைத் தவிர்க்கப் போதிய அளவு விலகுகிறதா என்று சந்தேகம். வலையில் கவனமாக இருக்கும்போது சரக்குக் கப்பல் இப்படி ஊதினால், வணக்கம் சொல்கிறது என்று கையசைத்துவிட்டு வேலையைத் தொடர்வது ஆபத்து.

இந்த விதிகள் 1972-இல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ளன. ஆழ்கடலில் கொள்கலன் கப்பலுக்கும் ஃபைபர் படகுக்கும் ஒரே விதிப் புத்தகம்தான்.

யார் விலகுவது என்பதற்கு முன், மோதல் வருமா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ரேடார் கட்டாயமில்லை. படகைத் திருப்பாமல் நேரே ஓட்டியபடி, ஒரே இடத்தில் உட்கார்ந்து, எதிரே வரும் கப்பலைக் கேபின் தூணோடு பொருத்திப் பார்க்கலாம். கப்பல் தூணுக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே போனால் பொதுவாக விலகிப் போகிறது. தூணை விட்டு அசையாமல் உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன. திசைகாட்டியில் கோணம் பார்த்தாலும் இதே கணக்குத்தான். மிகப் பெரிய கப்பலோ, இன்னொன்றைக் கட்டி இழுத்து வரும் கப்பலோ அருகில் இருந்தால், கோணம் மாறினாலும் நம்பக் கூடாது. 15 நாட் வேகக் கப்பலும் 8 நாட் வேகப் படகும் நேருக்கு நேர் வந்தால், நடுவில் உள்ள ஒரு கடல் மைல் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

இன்ஜின் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய கை இங்கேதான் தவறு செய்யும். குறுக்கே சந்தித்தால், தனக்கு வலப்பக்கத்தில் மற்றொன்றைக் காணும் படகுதான் விலக வேண்டும். அதுவும் கூடுமானவரை மற்றதன் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, முன்னால் குறுக்கிடாமல். பின்னாலிருந்து முந்துகிற படகு, அது எந்த வகையானாலும், முழுதாகக் கடந்து தெளிவாகும்வரை விலகியே போக வேண்டும்.

இரவில் விளக்கே விதியைச் சொல்லிவிடும். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு தெரிந்தால் விலகும் பொறுப்பு பார்ப்பவருடையது. பச்சை தெரிந்தால் அந்தக் கப்பலுடையது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நேரே வருகிறது. பின்விளக்கின் வெள்ளை மட்டும் தெரிந்தால் பார்ப்பவர்தான் முந்துகிறார்.

வகையைப் பொறுத்தும் முறை மாறும். இன்ஜினில் ஓடும் கப்பல், பாய்மரத்துக்கும் மீன்பிடிக்கும் படகுக்கும் கட்டுப்பாட்டை இழந்த கப்பலுக்கும் விலக வேண்டும். மீனவர்கள் இதைக் கொஞ்சம் தாராளமாகப் புரிந்துகொள்வதுண்டு. இழுவலையோ பிற மீன்பிடிச் சாதனமோ தண்ணீரில் இருந்து, அதனால் படகை எளிதில் திருப்ப முடியாத நிலையில்தான் அது மீன்பிடிக்கும் படகு. வலையை மடித்து வைத்துக்கொண்டு கரை திரும்பும் விசைப்படகு வெறும் இன்ஜின் படகு. பாயை விரித்திருந்தாலும் இன்ஜின் ஓடினால் அதுவும் இன்ஜின் படகே. துறைமுக வாய்க்காலில் நிலைமை இன்னும் கண்டிப்பானது: 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரமும் மீன்பிடிப் படகும், அந்த வாய்க்காலை விட்டால் வேறு வழியில்லாத கப்பலை மறிக்கக் கூடாது.

விலகத் தேவையில்லாத படகுக்கும் கடமை உண்டு. அது திசையும் வேகமும் மாற்றாமல் போக வேண்டும். இல்லாவிட்டால் விலகுகிறவரின் கணக்கு குழம்பும். எதிராளி விலகவில்லை என்று தெளிவானதும் தானே நடவடிக்கை எடுக்கலாம். அவர் மட்டும் விலகி மோதலைத் தவிர்க்க முடியாத நிலை வந்துவிட்டால் எடுத்தே தீர வேண்டும். இடப்பக்கமிருந்து வரும் கப்பலைத் தவிர்க்க இடப்பக்கம் திரும்புவதை மட்டும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். விலகுவதானால் முன்கூட்டியே, பெரிதாக, எதிராளி கண்ணில் படும்படி விலக வேண்டும். ஐந்து டிகிரி, ஐந்து டிகிரியாகத் திருப்பினால் அது யாருக்கும் தெரியாது.

மூடுபனியில் இந்த முன்னுரிமை எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கப்பலிடம் வழி கேட்க முடியாது. எல்லோரும் வேகத்தைக் குறைத்து எல்லோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே மூடுபனிப் பகுதியில் ஆந்திரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரு பயணிகள் கப்பல்கள் மோதின. இரண்டிலும் ரேடார் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று திரையில் பார்த்தன. ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் திரும்பின. 51 பேர் இறந்தனர்.

பனியில் ஊதும் முறை தனி. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறையாவது, நான்கு முதல் ஆறு விநாடி நீளமாக ஊத வேண்டும். இன்ஜினை நிறுத்தி மிதந்துகொண்டிருந்தால் இரண்டு நீண்ட ஊதல். மீன்பிடிக்கும் படகும் பாய்மரமும் ஒரு நீண்ட ஊதலுக்குப் பின் இரண்டு குறுகிய ஊதல். நங்கூரமிட்ட கப்பல் நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து விநாடி மணியடிக்க வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இந்த வரிசைகள் கட்டாயமில்லை. ஆனால் விசிலோ கையால் அழுத்தும் ஹாரனோ, தூரத்தில் கேட்கும்படி ஏதாவது ஒலியை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது எழுப்பியாக வேண்டும்.