இரண்டு ரெயில் நிலையங்களும் ஒரு கமராவும்



பாரிசில் இந்த ரூ பிலிப்-து-ஜிராருக்கு நாங்கள் எதற்கு வருகிறோம்? மரக்கறி வாங்க, தலைமயிர் வெட்ட, சீலை எடுக்க, சாமத்திய வீட்டுக்குப் படப்பிடிப்பாளரைப் பேச. அப்படிப்பட்ட தெருவில் நின்றுகொண்டு பறவை பார்க்க வாருங்கள் என்று கேட்கிறேன். “ஆறு நாள் உணவகத்தில் வேலை, ஏழாம் நாள் கோயில். குருவி பார்க்க நேரம் எங்கே?” என்று பின்வரிசை அண்ணர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான்.

அண்ணர், நேரம் குறைவென்றால் தூரம் குறைந்த இடத்தில் தொடங்கலாம். ஸ்டாலின்கிராட் தாண்டி வில்லெத் நீர்த்தேக்கத்துக்கு நடந்தே போகலாம். குளிர்காலத்தில் கடற்காகமும் நீர்க்காகமும் அங்கே வரும். ரெயில் பாதையோரம், பழைய சரக்கு நிலத்தில் 2007இல் திறந்த ழார்தான் தேயோல் பூங்கா இருக்கிறது. சிட்டுக்குருவியை அங்கே தேடிப் பாருங்கள். 2003 முதல் 2016 வரை பாரிசில் அதன் தொகை 73 சதவீதம் குறைந்ததென்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். பழைய கட்டடங்களைத் திருத்தும்போது கூடு கட்டும் பொந்துகள் அடைபடுவது அதற்கு ஒரு காரணம். மறுபக்கம், எங்கள் வேப்பமரத்துப் பச்சைக்கிளி இங்கே பெருகிவிட்டது. 1974இல் ஓர்லி விமான நிலையத்தில் கூண்டிலிருந்து தப்பிய கிளிகளில் தொடங்கிய குடும்பம் அது. இன்று பாரிஸ் பூங்காக்களில் கத்திக்கொண்டு திரிகிறது.

ஒரு முழுநாள் கிடைத்தால்? இந்தத் தெருவுக்கு ஒரு பக்கம் கார் து நோர், மறுபக்கம் கார் து லெஸ்ட். கார்த்திகை மாதம் கார் து லெஸ்டில் ஏறினால் ஷாம்பாஞ் பக்கம், தெர் ஏரி. பாரிசுக்கு வெள்ளம் வராமல் தடுக்க 1974இல் நிரப்பிய ஏரி அது. மூன்று கிராமங்கள் அதற்காக இடம் விட்டன. பிரெஞ்சுக்காரர் ‘க்ரூ’ என்று சொல்லும் நெஞ்சளவு உயரப் பறவைகள் வடக்கிலிருந்து பல்லாயிரக்கணக்கில் அங்கே இறங்கும்.

கார் து நோரில் ஏறினால் நோயெல்-சுர்-மேர், சோம் ஆற்றுக் கழிமுகம். அங்குள்ள மார்க்காந்தேர் பறவைப் பூங்கா 1973இல் திறந்தது. மணல்மேடு, சதுப்பு, கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத்தரை. பைன் மரங்களில் கரண்டிவாயனும் செங்கால் நாரையும் கூடு கட்டும். ஆம், வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் மனைவிக்குத் தூது விட்டாரே, அதே செங்கால் நாரைதான்.

இப்போது, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிரிபெக்ச்சர் கடிதம் வந்தால் வாசிக்கப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம். வைத்தியரிடம் பேசப் பிள்ளை, வங்கிக்குப் பிள்ளை. இந்த நாட்டில் எங்கள் பிள்ளைக்கு அப்பா அம்மா எந்நேரமும் மாணாக்கர். சோம் சேற்றுத்தரையில் அது மாறும். மண்டைதீவிலும் மன்னாரிலும் பரவைக்கடலில் கால் வைத்து வளர்ந்தவருக்குத் தண்ணீர் வற்றும்போது பறவை எங்கே இரை தேடும் என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அங்கே குளிருக்கு வரும் நாமத்தலை வாத்து மன்னாருக்கும் வருகிறது. வழி வேறு, இனம் ஒன்று. தெற்கே கமார்க் உப்பு நிலத்தின் பூநாரையும் மன்னார்ப் பூநாரையும் ஒரே இனம். பிள்ளை பிரெஞ்சுப் பெயர் சொல்லட்டும். அப்பா அதன் நடத்தையைச் சொல்லட்டும். இருவருக்கும் கொடுக்க ஏதோ இருக்கும்.

விசேட வீடுகளில் படம் எடுக்கும் தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் நல்ல கமரா உண்டு, ஒளியைப் படித்த கண்ணும் உண்டு. ஆனால் “இங்கே பாருங்கோ, சிரியுங்கோ” என்றால் பறவை கேட்காது. நீளமான லென்ஸ் வேண்டும், மறைகுடிலில் பொறுமை வேண்டும். கூட்டை நெருங்காதீர்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கூட்டத்தைக் கலைக்காதீர்கள். குளிரில் ஒவ்வொரு பறப்பும் அதற்கு வீண் செலவு. பாதுகாக்கப்பட்ட பறவையைத் துன்புறுத்துவது இங்கே சட்டப்படியும் குற்றம். 1976 முதல் இந்த நாட்டில் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

1912இல் பிரெத்தாஞ் தீவுகளில் பொழுதுபோக்குக்காகக் கடற்பறவைகளைச் சுட்டுத் தள்ளியதைத் தடுக்க எழுந்த சங்கம் எல்பிஓ. அது ஜனவரி மாதக் கடைசி வார இறுதியில் நாடு முழுவதும் பறவை எண்ணச் சொல்கிறது. ஒரு மணித்தியாலம் போதும், பூங்காவிலும் எண்ணலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலுக்குப் பறவை எண்ணுகிறார்கள். நாங்கள் பொங்கலுக்கு ழார்தான் தேயோலில் பழகி, மாதக் கடைசியில் கணக்கைக் கொடுப்போம். இளவேனில் வந்ததும் சோமுக்குப் போவோம்.

வாசலில் கொப்பி வைத்திருக்கிறோம். வர விரும்புவோர் பெயர் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் நிற்க முடியாது. தாயோ தகப்பனோ கட்டாயம் கூட வர வேண்டும்.