பிடிவாதக்காரப் பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது?

(ஆதரவாளர் கூடுகையில் குழந்தைகள் பிரிவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு நல்ல செய்தி சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். செய்தி இருக்கிறது. ஆனால் அது எங்கள் தவறில் தொடங்குகிறது. அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு தாய் தன் ஏழு வயது மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "இவன் அடங்கவே மாட்டேங்கிறான் டாக்டரம்மா. ஸ்கூல்ல பக்கத்துப் பிள்ளையைக் கடிச்சு வைக்கிறான். எழுதச் சொன்னா சிலேட்டைத் தூக்கி எறியிறான். கொஞ்ச நேரத்துல பெஞ்சுமேலயே தூங்கிப் போறான்" என்றார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பெல்ட்டால் அடித்த தழும்பு காலில் இருந்தது. கழுத்தில் ஒரு தாயத்தும் இருந்தது. அன்றைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "மிட்டாய் நிறையத் தின்பானா?" என்று கேட்டோம். "ஆமாங்க" என்றார். மிட்டாயை நிறுத்துங்கள், அடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஆறு வாரம் கழித்து அவனைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.1 கிராம். அந்த வயதில் 11.5 கிராமாவது இருக்கவேண்டும். முதல் நாளே கீழ் இமையை இழுத்துப் பார்த்திருந்தால் வெளுப்பு தெரிந்திருக்கும். அதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நாங்கள் கொடுக்கவில்லை. மண், சாக்பீஸ், சுவர்க்காரை ஏதாவது தின்கிறானா என்று இப்போதுதான் கேட்டோம். தாய் தலையைக் குனிந்துகொண்டார். பல்பம் வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் தின்று தீர்த்துவிடுவானாம். திருடித் தின்கிறான் என்றுதான் பெல்ட்டடி.

அவன் சாப்பாட்டை விசாரித்தோம். காலையில் ஒரு டம்ளர் டீயும் ஒரு பன்னும். மதியத்துக்கு டிபன் பாக்சில் புளிச்சோறு. இரவு சோறும் ரசமும். சிறிய தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் பணம் கட்டிப் படிக்க வைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால் மதிய உணவும் முட்டையும் கிடைத்திருக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அவன் தெருக்கோடியிலுள்ள அரசுப் பள்ளியிலும் நடக்கிறது. பிள்ளை நன்றாயிருக்கவேண்டும் என்று கட்டிய பணம் அவனைச் சத்துள்ள சாப்பாட்டிலிருந்து பிரித்துவிட்டது. அந்தத் தாயை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களில் பலர் நம் பிள்ளைகளுக்கும் இதையேதான் செய்கிறோம்.

இரும்புச் சத்து இரத்தத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மூளைக்கும் அது வேண்டும். கவனத்துக்கும் உற்சாகத்துக்கும் உதவுகிற டோபமைன் என்ற பொருளை மூளை உண்டாக்க இரும்பு தேவை. நரம்புகளின் மேலுறை வளரவும் தேவை. அது குறையும்போது பிள்ளை சோர்ந்துபோகும், சிடுசிடுக்கும், ஒன்றில் மனம் நிற்காது. மண்ணையும் பல்பத்தையும் தேடும். கோஸ்டாரிகா நாட்டில் பெட்ஸி லோசாஃப் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைப் பருவத்தில் நெடுநாள் கடுமையான இரும்புக் குறைவோடிருந்த பிள்ளைகளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார். குறைவுக்குச் சிகிச்சை கொடுத்திருந்தும், படிப்பிலும் நடத்தையிலும் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியே இருந்தார்கள் என்று 2000-ல் எழுதினார். ஆகவே காலதாமதம் சிறிய காரியமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள நம் நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 பேர்.

நாங்கள் பழி போட்ட மிட்டாயைப் பற்றியும் சொல்லவேண்டும். சர்க்கரை பிள்ளையை ஆட்டிவைக்கும் என்பது பலரும் நம்புகிற காரியம். 1994-ல் அமெரிக்காவில் சில தாய்மாரிடம், உங்கள் பையனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். உண்மையில் கொடுத்ததில் சர்க்கரையே இல்லை. ஆனாலும் அந்தத் தாய்மார், பையன் இன்று மிகவும் துள்ளுகிறான் என்றார்கள். அவனை அதிகமாய்க் குறையும் சொன்னார்கள். மறு ஆண்டில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரையால் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை. மிட்டாய் பல்லைக் கெடுக்கும், பசியைக் கெடுக்கும். அதற்காக நிறுத்துவது சரி. ஆனால் நிறுத்தச் சொன்னதோடு எங்கள் கடமை முடிந்ததென்று நினைத்தோமே, அதுதான் பிசகு.

சாயம் வேறு விஷயம். இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சில செயற்கைச் சாயங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் துறுதுறுப்பு சற்றுக் கூடியிருந்தது. சற்றுத்தான், எல்லாப் பிள்ளைகளிடமும் அல்ல. ஆயினும் அவற்றில் ஆறு சாயங்கள் சேர்ந்த பண்டங்களில் எச்சரிக்கை அச்சிடவேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டளையிட்டிருக்கிறது.

பையனை வார்டில் சேர்த்துப் பூச்சி மாத்திரையும் இரும்பு டானிக்கும் கொடுத்தோம். அங்கேயும் ஒரு பிசகு. எங்கள் வார்டில் காலை ஏழு மணிக்கு டீ வரும். டானிக்கும் ஏழு மணிக்கே. டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். பயிற்சிக்கு வந்திருந்த செவிலிய மாணவி ஒருத்தி, "சிஸ்டர், ரெண்டையும் சேர்த்துக் குடுக்கலாமா?" என்று கேட்ட பிறகே எங்களுக்கு உறைத்தது. இப்போது பிள்ளைகள் வார்டில் டீ கிடையாது. டானிக்கோடு எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கிறோம், அது இரும்பு சேர உதவும்.

வீட்டுக்குப் போகும்போது தாய்க்குச் சொல்லி அனுப்பியது அதிகமில்லை. டீ வேண்டாம். வாரம் இரண்டு நாள் கோழி ஈரல், முடிந்த நாளில் முட்டை, முருங்கைக்கீரை, சுண்டல், கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா. "பீட்ரூட் குடுத்தா ரத்தம் ஊறும்னாங்களே?" என்று கேட்டார். அதில் நிறம்தான் அதிகம், இரும்பு கொஞ்சமே.

இரண்டு வாரத்தில் பல்பம் தின்பது நின்றது. மூன்று மாதத்தில் 10.6 கிராம். இப்போது யாரையும் கடிப்பதில்லை, வகுப்பில் தூங்குவதில்லை. கணக்கு வகுப்பில் இன்னும் நெளிகிறான். அதற்கு எங்களிடம் டானிக் இல்லை. அவன் அப்பா ஒரு நாள் தனியாக வந்து, வராந்தாவில் வெகுநேரம் நின்றுவிட்டு, "அடிச்சிட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கும் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அடங்காத பிள்ளைகள் எல்லாருக்கும் இரும்புக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். காது கேளாமை, கண் பார்வை, வலிப்பு, வீட்டுச் சண்டை என்று காரணங்கள் பல. கடையில் நீங்களே டானிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அளவு மிஞ்சினால் சிறு பிள்ளைகளுக்கு இரும்பு விஷமாகும். பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் காணிக்கையால் இப்போது, "பொல்லாத பிள்ளை" என்று கூட்டிவரப்படும் எந்தப் பிள்ளைக்கும் முதல் நாளே இலவசமாக இரத்தம் பார்க்கிறோம்.

இன்னுமொரு வேண்டுகோள், கோபப்படாமல் கேளுங்கள். பண்டிகைக் காலத்தில் நீங்கள் அன்போடு கொண்டுவருகிற கலர் மிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் வார்டு அலமாரியில் நிறைந்திருக்கின்றன. இந்த முறை கொய்யாப்பழமும் வேகவைத்த சுண்டலும் கடலைமிட்டாயும் கொண்டுவாருங்கள். கடலைமிட்டாயைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்போம், சின்னவர்களுக்குக் கடலை தொண்டையில் சிக்கும். அவர்களுக்குச் சத்துமாவு ஒரு கிலோ கொடுத்தாலும் போதும், எங்கள் சமையலறையில் கிண்டிக்கொள்கிறோம்.