நீர்க்கோடும் கற்கோடும்

 

எண்ணங்களாலும் பழக்கங்களாலும் மூளையைப் பயிற்றி வாழ்வை உயர்த்திக்கொள்வது எவ்வாறு என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகிறது. புத்தகக் கடைகளில் அப்பொருளுக்கெனத் தனி அடுக்கே உண்டு. ஆயினும் தமிழ்ச் சமணர்க்கு இது புதிய வினா அன்று. சினம் என்னும் ஒரு குணத்தை முன்னோர் எவ்வாறு அளந்து வைத்தனர் என்று கண்டாலே, விடையின் பெரும்பகுதி புலப்பட்டுவிடும்.

சினத்தை நான்கு கோடுகளுக்கு ஒப்பிடுவது ஆகம வழக்கு. நீரில் இட்ட கோடு, மணலில் இட்ட கோடு, நிலத்தில் விழுந்த கோடு, கல்லில் வெட்டிய கோடு என்பன அவை. நீர்க்கோடு விரலை எடுக்கும் முன்னரே மறைகிறது. மணற்கோட்டைக் காற்று அழிக்கிறது. கோடையில் வெடித்த நிலத்தின் கோடு மழைக்குக் காத்திருக்கிறது. கற்கோடோ தலைமுறைகள் கடந்தும் நிற்கிறது. இவற்றுக்கு முறையே சஞ்சுவலனம், பிரத்தியாக்கியானாவரணம், அப்பிரத்தியாக்கியானாவரணம், அனந்தானுபந்தி என்று பெயர். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம் இவற்றின் காலத்தையும் வரையறுக்கிறது. முதலாவது 48 நிமிடத்துக்கு உட்பட்ட அந்தர்முகூர்த்தம். இரண்டாவது 15 நாள். மூன்றாவது 6 மாதம். நான்காவது பிறவிதோறும் தொடர்வது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. கற்கோட்டுச் சினம் மிகுந்த ஓசையுடையது என்றோ, நீர்க்கோட்டுச் சினம் மெல்லியது என்றோ முன்னோர் பிரிக்கவில்லை. எவ்வளவு காலம் உள்ளே நிற்கிறது என்பதையே அளவாகக் கொண்டனர். உரக்கக் கத்திவிட்டு ஒரு நாழிகையில் மறந்துவிடுபவரும் உண்டு; ஒரு சொல்லும் சொல்லாமல் முப்பது ஆண்டுகள் மனத்துள் வைத்திருப்பவரும் உண்டு. பின்னவர் அச்சினத்தை ஒருமுறை கொண்டதோடு நிற்கவில்லை. நடந்ததை நாள்தோறும் நினைத்து, சொல்லாமற்போன மறுமொழியை நாள்தோறும் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறார். ஒரே கோட்டின்மேல் மீண்டும் மீண்டும் கோடு இடுகிறார். நீரில் தொடங்கியது கல்லாக இறுகுவது இவ்வாறுதான்.

மூளையை ஆராய்ந்தோரும் இதற்கு நெருங்கிய ஒன்றையே கூறுகின்றனர். மனித மூளையின் எடை ஏறத்தாழ 1400 கிராம். அதில் சுமார் 8600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று கொள்ளும் இணைப்புகளே நினைவுக்கும் திறமைக்கும் அடிப்படை. ஒருங்கே மீண்டும் மீண்டும் இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறுகிறது என்னும் கருத்தைக் கனடா நாட்டு உளவியல் அறிஞர் டொனால்டு ஹெப் 1949ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். புல் படர்ந்த நிலத்தில் நாள்தோறும் கால் பட்டால் ஒற்றையடிப் பாதை விழுகிறது; நடப்பது நின்றால் புல் மூடிவிடுகிறது. மூளையின் வழிகளும் அத்தகையனவே.

மூளையே ஆன்மா என்று எவரும் இதனைக் கொள்ளலாகாது. அறிவும் காட்சியும் உயிரின் இயல்பு. மூளையோ புற்கலத்தால் ஆகிய உடம்பின் உறுப்பு. வீணை பழுதுற்றால் இசை கெடும் என்பதனால் வீணையே பாணன் என்று ஆகிவிடாது. ஆய்வுக்கூடங்கள் சமணத்தை மெய்ப்பித்துவிட்டன என்று கொண்டாடவும் தேவையில்லை. அவை தேடுவது வேறு. வீடுபேறு நாடுவோர் தேடுவது வேறு. கருவியைப் பழக்கும் முறையளவில் இருவர் கூற்றும் ஒத்துச் செல்கின்றன என்பதே போதும்.

செயல்தானே பழக்கமாகிறது, வெறும் எண்ணத்தால் என்ன தீங்கு என்று சிலர் வினவுவர். யசோதர காவியம் அறிந்தோர் அவ்வாறு வினவமாட்டார். உயிர்ப்பலிக்கு உடன்படாத மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் வெட்டுகிறேன் என்னும் எண்ணம் அவ்வாளோடு சேர்ந்தே இறங்கியது. அதன் பயனாக மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்பது காவியம். இதனை மிகை என்று கருதும் இளைஞர்க்கு 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைக் கூறலாம். அல்வாரோ பாஸ்குவால் லியோன் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் சிலருக்குப் பியானோவில் ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தனர். ஒரு சாரார் நாளைக்கு 2 மணி நேரம் வீதம் 5 நாள் வாசித்துப் பழகினர். மற்றொரு சாரார் விரலை அசைக்காமல் வாசிப்பதாக எண்ணிப் பழகினர். விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரு சாரார்க்கும் ஒத்த மாறுதல் தோன்றியது. வாசிப்புத் திறத்தில் கையால் பழகியோரே மேம்பட்டு நின்றனர் என்பது உண்மை. எனினும் விரல் அசையாதபோதும் மூளை பயிற்சி பெற்றுக்கொண்டுதான் இருந்தது. எண்ணம் பயனற்றுக் கரைந்து போவதில்லை. மனத்துக்குள் பிறரை வெட்டிக்கொண்டிருப்பவர் வெட்டுவதற்கே பழகிக்கொண்டிருக்கிறார்.

ஆகவேதான் முன்னோர் நல்லெண்ணத்தையும் பயிற்சியாக்கினர். ஒவ்வொரு விரதமும் உறுதிப்படுவதற்கு ஐந்தைந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. பாவனை என்னும் சொல் நாட்டு மருத்துவர் வழக்கிலும் உண்டு. மருந்துச் சூரணத்தில் மூலிகைச் சாறு விட்டு அரைத்து, உலர்த்தி, மீண்டும் சாறு விட்டு அரைப்பதைப் பாவனை செய்தல் என்பர். ஒருமுறை ஊற்றிய சாறு மேலோடு காய்ந்துவிடும். பலமுறை ஊட்டியதே மருந்தின் குணமாக மாறும். நிலையாமை முதலிய பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளைத் திரும்பத் திரும்பச் சிந்திக்கச் சொன்னதும் இதன்பொருட்டே.

இனிப் பழக்கத்தைக் காண்போம். இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களில் இறுதி நான்குக்குச் சிட்சாவிரதம் என்று பெயர். சிட்சை என்றால் பயிற்சி. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் விளக்கும் இந்நான்கனுள் ஒன்று சாமாயிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், விருப்பு வெறுப்பின்றி அமர்ந்திருத்தல் அதன் மரபு. அமரத் தொடங்கிய ஒருவர்க்கு முதல் மாதம் அது மலையேற்றமாக இருக்கும். எத்தனை நாளில் இயல்பாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்து கண்டது, புதிய செயல் ஒன்று தன்னியல்பாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்பது. சிலர்க்கு 18 நாளே போதும். சிலர்க்கு 254 நாள் வேண்டும். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று பலர் கூறுவதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. இடையில் ஒருநாள் தவறினால் பயிற்சி பாழாவதில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தவறியவர் மறுநாள் மீண்டும் அமர்ந்தால் போதும்.

பழக்கத்துக்குத் தூண்டுகோல் ஒன்று வேண்டும். குறித்த வேளை, குறித்த இடம், முன்னே நிகழும் ஒரு செயல் என ஏதேனும் ஒன்று அதனை எழுப்புகிறது. இரவுணவு தவிர்த்தல் தமிழ்ச் சமண இல்லங்களில் பன்னெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கழனியில் வேலை செய்தவர்க்குக் கதிரவன் சாய்வதே மணியோசை. உண்பதா வேண்டாவா என்று நாள்தோறும் அவர் மனத்தோடு போராட வேண்டியிருக்கவில்லை. ஆரணியிலும் வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் பிறந்த பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் குளிரூட்டிய அறைகளில் பணிபுரிகின்றனர். அங்கே பொழுது சாய்வது கண்ணில் படுவதில்லை. விளக்கு மங்குவதில்லை. பேரன் இரவு ஒன்பது மணிக்கு உண்கிறான் என்று பாட்டி வருந்துகிறார். அவனுக்கு அறப்பற்று குறைந்துவிட்டது என்று தாத்தா கடிந்துகொள்கிறார். உண்மையில் அவன் இழந்தது பற்றாக இல்லாமல், அதனை எழுப்பிய தூண்டுகோலாகவும் இருக்கக்கூடும். இடம் மாறினால் பழக்கம் தளரும் என்பது உளவியலார் கண்டது. கடிந்துரைப்பதைவிட, மாலை ஐந்தரை மணிக்குக் கைப்பேசியில் ஒரு மணியோசையும் பையில் ஓர் உணவுப் பெட்டியும் வைத்துக்கொள்ளுமாறு சொல்வது பயன் தரும். நாள்தோறும் இயலாதெனில் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் தொடங்கட்டும்.

பழக்கத்துக்கு ஒரு குறையும் உண்டு, அதனை மறைக்கலாகாது. அமெரிக்க அறிஞர் ஆன் கிரேபியலும் அவர்தம் குழுவினரும் எலிகளை ஒரு வழியில் ஓடப் பழக்கி மூளையை ஆராய்ந்தனர். தொடக்கத்தில் ஓட்டம் முழுவதும் விழிப்போடிருந்த ஒரு பகுதி, பழகிய பின்னர் ஓட்டத்தின் முதலிலும் முடிவிலும் மட்டுமே மிகுதியாக இயங்கியது. நடுவே நிகழ்வதெல்லாம் தானே நடந்தது. மிதிவண்டி ஓட்டுவார்க்கு இது வரம். வழிபாட்டிலோ இதுவே இடர். நாவு மந்திரத்தை முடித்துவிடுகிறது. மனம் அதற்குள் வயல் வரப்பைச் சுற்றிவந்துவிடுகிறது. முன்னோர் இதனையும் கண்டிருந்தனர். சாமாயிகத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் மனத்தைத் தவறாகச் செலுத்துதலும், ஆர்வமின்மையும், நினைவு தப்புதலும் இடம்பெற்றுள்ளன. அமர்ந்தால் மட்டும் போதாது. அமர்ந்திருப்பதை அறிந்தும் இருக்கவேண்டும். எண்ணமில்லாப் பழக்கம் உமி. பழக்கமில்லா எண்ணம் உமியின்றி விதைத்த அரிசி. இரண்டும் கூடிய நெல்லே முளைக்கும்.

இவ்விரண்டையும் கூட்டுவதற்கு அமைந்த கருவி பிரதிக்கிரமணம். செய்த பிழையைத் தானே எண்ணிப் பார்த்து மீளுதல் அது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, நான்கு மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று அதற்கும் காலம் வகுத்தனர். சினத்தின் காலக்கணக்கை இதனருகில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். அன்றன்று நினைந்து கழுவுகிறவரிடம் நீர்க்கோடு மணற்கோடாவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறவரிடம் மணற்கோடு நிலத்துக் கோடாவதில்லை. ஆண்டு முழுவதும் விட்டுவிட்டவரிடம் கல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இல்லத்தில் இதனைத் தொடங்குவது அரிதன்று. மாலை விளக்கேற்றிய பின் ஐந்து நிமிடம் அமர்ந்து, அன்று எவர்மேல் சினம் எழுந்தது, அது இன்னும் உள்ளதா என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். விளக்கே தூண்டுகோல் ஆகும். பெரியவர்கள் அமர்ந்தால் சிறுவர் தாமே அருகில் வந்து அமர்வர். பழைய சினம் நினைவில் எழும்போது, சொல்லாமற்போன மறுமொழியை மீண்டும் ஒத்திகை பார்க்காமல், அவரிடம் சொல்லக்கூடிய ஒரு நற்சொல்லை ஒத்திகை பார்க்கலாம். மூளைக்கு இரண்டும் பயிற்சியே. உயிர்க்கு ஒன்று தளை, மற்றொன்று விடுதலை.

கசப்பாயினும் மேலும் ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். தசலட்சணப் பருவம் நிறைந்ததும் மன்னிப்பு வேண்டும் செய்தி கைப்பேசியில் முந்நூறு பேருக்கு ஒரு நொடியில் செல்கிறது. அம்முந்நூறு பேரில் வரப்புத் தகராறால் பேச்சற்றுப்போன உடன்பிறந்தவர் பெயர் இருப்பதில்லை. அண்ணன் சினாலயத்தின் வடபுறம் நின்று வணங்குகிறார். தம்பி தென்புறம் நின்று வணங்குகிறார். இருவர் முன்னும் விருப்பு வெறுப்பற்ற ஒரே திருவுருவம் வீற்றிருக்கிறது. அவர்தம் பிள்ளைகள் அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பார்த்துப் பழகிக்கொள்கின்றனர். வரப்பு ஒரு சாண் இருக்கலாம்; கோடு அடுத்த தலைமுறைக்கும் நீள்கிறது.

பகை இல்லாதவரிடம் கேட்கும் மன்னிப்பு மரியாதை. பகை கொண்டவரிடம் கேட்பதே விரதம். அதற்கு 66 நாள் வேண்டுமெனினும், 254 நாள் வேண்டுமெனினும், இன்று மாலை விளக்கேற்றும் வேளையில் தொடங்கலாம். முதலில் எண்ணத்தில் ஒரு வணக்கம், பின்னர் எதிர்ப்படும்போது ஒரு பார்வை, பின்னர் "சாப்பிட்டாயா, தம்பி?" என்று ஒரு சொல். கல்லை ஒரே நாளில் கரைக்க இயலாது. மேலும் வெட்டாமல் உளியைக் கீழே வைத்துவிட அனைவராலும் இயலும்.