சொட்டுகிற டேங்க்கைத் தூக்கிப் போடலாமா?



"பழையதைப் பழுது பார்ப்பதா, புதியதை வாங்குவதா?" இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் கேட்டாரு: "டேங்க் துருப்பிடிச்சு பெட்ரோல் சொட்டுற புல்லட்டை வச்சுக்கிட்டு மயிலாப்பூர் மாடவீதியைச் சுத்துறீங்களே, தேர்த் திருவிழாவா நடத்துறீங்க?" (சிரிப்பு)

ஐயா, சொட்டுறது உண்மை. ஏன் சொட்டுதுன்னு கேட்டீங்களா? அரை டேங்க்கோட மாசக்கணக்கா நிறுத்தி வச்சா, உள்ளே இருக்கிற காத்துல உள்ள ஈரம் தண்ணியா மாறும். தண்ணி பெட்ரோலைவிடக் கனம். அடியில போய்த் தங்கி, உட்கார்ந்த இடத்திலேயே தகரத்தை அரிக்கும். 2015 டிசம்பர்ல அடையாறு ஆறு பெருகி கோட்டூர்புரம், சைதாப்பேட்டையெல்லாம் மூழ்கிச்சே, அன்னைக்கு எத்தனை வண்டி டேங்க்ல தண்ணி போச்சு! இப்ப பெட்ரோல்ல எத்தனால் வேற கலந்து வருது. அதுவும் ஈரத்தை இழுக்கும்.

இதுக்கு நம்ம ஆளுங்க செய்யிற வைத்தியம் என்ன? சோப்பைத் தேய்ச்சு அடைக்கிறது! அது வீடு போய்ச் சேர உதவும், வைத்தியம் ஆகாது. டேங்க்கைக் கழட்டணும். பெட்ரோலைப் பத்திரமா வடிக்கணும். பெட்ரோல் காக்கையும் எடுத்துட்டு, வினிகர் ஊத்தி ஒரு நாள், ரெண்டு நாள் ஊற விடணும். நாலு நட்டு போல்ட்டை உள்ளே போட்டுக் குலுக்குனா துரு உதிரும். எத்தனை போட்டோம்னு எண்ணி வச்சுக்கணும், அத்தனையும் வெளியே வரணும்! அப்புறம் சமையல் சோடாத் தண்ணியில அலசி, உடனே காய வைக்கணும். ஈரமா விட்டா மறுநாளே மறுபடி துரு.

துரு போனா ஓட்டை தெரியும். அதை அடைக்கிற இடத்துலதான் உயிர் இருக்கு, நடுவர் அவர்களே. "பெட்ரோலைக் காலி பண்ணிட்டேன், பத்த வைப்பா"ன்னு டிங்கரிங் பட்டறையில கொண்டுபோய்க் கொடுக்கிறாங்க. காலி டேங்க்தான் பெரிய ஆபத்து! பெட்ரோல் ஆவியும் காத்தும் சேர்ந்து உள்ளே நிக்குது. ஒரு பொறி பட்டா வெடிக்கும். நிக்கிறது உங்க வண்டி முன்னாடி இல்லை, அந்தப் பட்டறைப் பையன் முகத்துக்கு முன்னாடி. வாடை போக அலசி, தண்ணி நிரப்பி ஆவியை வெளியேத்தி வேலை செய்யத் தெரிஞ்சவர்கிட்ட மட்டும் கொடுங்க.

தகரமே பொடிஞ்சு, ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ளே போகுதா? தாராளமா மாத்துங்க. அந்த ஒரு பாயிண்ட்டை எதிரணிக்குத் தந்துட்டேன். புதுப்பேட்டையில தேடினா கிடைக்கும்.

ஆனா ஊசிமுனை ஓட்டைக்கா டேங்க்கைத் தூக்கிப் போடச் சொல்றீங்க? 1955-ல நம்ம மெட்ராஸ்ல புல்லட் செய்யக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல தாய்க் கம்பெனியே மூடின பிறகு, 1977-ல இங்கேயிருந்து அந்த நாட்டுக்கே அனுப்பினாங்க! அந்த டேங்க் மேல இருக்கிற தங்கக் கோட்டைக் கையாலேயே, பிரஷ்ஷால இழுத்திருக்கான் ஒரு தொழிலாளி. அந்தக் கோட்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையில விக்கிறாங்க? எதிரணி பதில் சொல்லட்டும். மணி அடிச்சுட்டீங்க நடுவரே, உட்கார்ந்துடறேன். (கைதட்டல்)